ஏழாம் பாட்டின் மூன்று தட்டல்கள்

எங்கள் முதல் இசைத்தொகுப்பில் பதினொரு பாட்டுகள் உள்ளன. அடுத்தடுத்துக் கேட்டால் இருபத்து மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஏழாம் பாட்டின் நடுவில் கித்தாரும் டிரம்ஸும் ஓய்ந்து, நான் மூச்சு வாங்கும் ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில், தொலைவில் யாரோ கல்லால் தரையைத் தட்டுவதுபோல் மூன்று ஒலிகள் கேட்கும். தொகுப்பை மறுவெளியீட்டுக்காகச் செம்மைப்படுத்தும் ஒலிப்பொறியாளர் சென்ற மாதம் எனக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தார்.

"அக்கா, செவன்த் டிராக்ல ஒரு நாய்ஸ் இருக்கு. டிரம்மர்கிட்ட கேட்டேன், தன்னோடது இல்லைங்கறாரு. கிளீன் பண்ணிடவா?"

அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியாது. பிறகு சொல்கிறேன் என்று எழுதினேன்.

அதே நாளில் தம்பியும் ஒரு பக்கம் அனுப்பியிருந்தான். இசைத்தட்டின் உறையில் அச்சாக வேண்டிய குறிப்பு அது. எங்கள் குழு இன்று பெரிய அரங்குகளில் பாடுகிறது. சென்னையில் படங்களுக்குப் பாட்டமைக்கிறது. தம்பி கித்தார் வாசிக்கிறான். அவனுடைய பள்ளித்தோழன் டிரம்ஸ். பாடுவது வேறொரு பெண். முதல் தொகுப்பில் மட்டும் நான் பாடினேன்; பிறகு செய்தி மொழிபெயர்க்கும் வேலை கிடைத்து விலகிக்கொண்டேன். அதனால் குறிப்புக்கு என் ஒப்புதலும் வேண்டியிருந்தது. தம்பி எழுதியிருந்தது இது: "அப்பா இறந்த பதினாறு நாளுக்குள், துக்க வீட்டின் காப்பறைக்குள், அக்கா அழுதுகொண்டே பாடிய பாட்டுகள்."

பணி இடைவேளையில் அவனை அழைத்தேன்.

"படிச்சியா? ஓகேன்னு சொல்லு, இன்னைக்கே பிரிண்டுக்குப் போகணும்."

"நான் அழலடா."

"அழுத மாதிரிதான்லா இருக்கு. கேக்கறவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"அம்மா படிப்பாங்க. துக்கத்துல பாட்டுப் போட்டோம்னு தெரிஞ்சிடும்."

"எட்டு வருஷம் ஆச்சுக்கா. இப்ப வந்து நம்மள முட்டி போடச் சொல்லுவாங்களா? நானே சொல்லிக்கிறேன், விடு."

"வேணாம். நான் சொல்றேன். ரெண்டு வாரம் குடு."

அம்மாவிடம் அவன் சொல்லக்கூடாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவனுக்குத் தெரியாது. அந்தப் பாட்டுகளுக்காக நான் சொன்ன ஒரு பொய்யால் அம்மா தம் ஒரே தோழியை இழந்தார்.

ஈசூனில் நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாம் மாடியில். எங்களுக்கு நேர் மேலே, ஒன்பதாம் மாடியில், ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாளும் என் அம்மாவும் ஞாயிறுதோறும் ரயிலேறித் தேக்கா சந்தைக்குப் போவார்கள். ஒருவர் மீன் வரிசையில் நிற்க, மற்றவர் இரண்டு வீட்டுக்கும் புதினா வாங்குவார். திரும்பும்போது ஃபேரர் பார்க் வரை நடந்துவந்து ரயில் ஏறுவார்கள். அந்த நிலையத்தில் உட்கார இடம் கிடைக்கும் என்பது இருவருக்கும் பொதுவான நம்பிக்கை. அது ஒருநாளும் மெய்யானதில்லை. நோன்பு மாதத்தில் மாலைதோறும் மேலிருந்து கஞ்சி வரும். தீபாவளிக்குக் கீழிருந்து பலகாரம் போகும். ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் இரு வீட்டிலும் இல்லை.

அப்பா இறந்த அன்று முதலில் வந்தவர் அந்த மேல்வீட்டு அம்மாள்தாம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் மூன்று நாளும் காலை உணவு மேல்வீட்டிலிருந்து வந்தது. மண்டாயில் தகனம் முடிந்து திரும்பி, குளித்து, அவர் அனுப்பியிருந்த இடியாப்பத்தை நான் உண்டேன். எத்தனை உண்டேன் என்பதுகூட நினைவிருக்கிறது. நான்கு. எனக்கு நன்றாகப் பசித்தது. என்னைச் சுற்றி எல்லாரும் அழுதார்கள். உறவுப்பெண் ஒருத்தி என் முதுகைத் தடவி, "அழுதுடும்மா, உள்ள வச்சுக்காத" என்றாள். என் உள்ளே எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இசைத்தொகுப்பைப் பதிவு செய்ய ஒரு கூடத்தை மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். அந்த நாள்கள் அப்பாவின் சாவோடு போயின. வேறு நாளுக்குத் தள்ளவும் வழியில்லை. அப்பா இறந்த பன்னிரண்டாம் நாள் தோழன் தேசிய சேவையில், அதாவது கட்டாய இராணுவப் பணியில், சேர வேண்டும். மூன்று மாதம் கழித்துத் தம்பியின் முறை. அதன்பின் இருவரும் ஒன்றாக வெளியே இருக்கும் காலம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கொள்ளி வைத்த மகன் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வெளியே சுற்றக்கூடாது. வீட்டிலோ பாட்டுச் சத்தம் கூடாது. தொலைக்காட்சியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

காப்பறையை முதலில் சொன்னவன் தம்பி. இங்கே சற்றுப் புதிய வீடுகளில் எல்லாம் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்கென ஒரு சிறிய அறை இருக்கும். தடித்த சுவர், கனமான இரும்புக் கதவு. குண்டு எதுவும் விழாததால் அரிசி மூட்டை, பழைய விசிறி, தீபாவளி விளக்கு ஆகியவற்றை எல்லாரும் அங்கே வைப்பார்கள். அதன் கதவைச் சாத்தினால் கூடத்தில் பேசுவது உள்ளே கேட்காது. உள்ளே பேசுவதும் கூடத்தில் கேட்காது.

அம்மா மருத்துவர் தந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணிமுதல் நான்கு மணிவரை அறைக்கதவைச் சாத்திப் படுத்திருப்பார். அப்பாவின் சாமான்களை ஒழுங்குபடுத்துகிறோம் என்று அவரிடம் சொன்னோம். தோழன் வெள்ளைச் சட்டையில் துக்கம் விசாரிக்கிறவனாக வந்தான். முதுகுப்பையில் சிறிய டிரம் ஒன்றும் தகட்டுத் தாளம் ஒன்றும் இருந்தன. பெரிய டிரம்மைக் கொண்டுவர முடியவில்லை. காப்பறையில் அப்பாவின் பெரிய பயணப்பெட்டி இருந்தது. அவன் அதை நிமிர்த்தி வைத்துக் காலால் மிதிக்கும் கட்டையை அதன்மேல் பொருத்தினான். இரண்டு முறை மிதித்துப் பார்த்தான்.

"அக்கா, இது பரவாயில்லையா?"

"பரவாயில்ல. அடி."

இன்று இளைஞர்கள் அந்தப் பாட்டுகளில் பெரிதும் பேசுவது அந்த வறண்ட, தோலில்லாத ஒலியைத்தான்.

பங்க் இசையில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. கித்தாரில் மூன்று இசைவுகள், நிற்காத வேகம், தொண்டையின் அடியிலிருந்து எழும் கத்தல். கித்தார் கம்பி வழியே நேராகக் கணினிக்குள் போய்விடும், வெளியே கேட்காது. ஒவ்வொரு பிற்பகலும் தோழன் முதலில் அடிப்பான். பிறகு அவன் வெளியே வர, நான் உள்ளே போவேன். காதில் ஹெட்ஃபோன் இருக்கும். இசை முழுவதும் அதற்குள். அறையில் ஒலிப்பது என் குரல் மட்டும். பாட்டுகள் அப்பாவைப் பற்றியவை அல்ல. ஆறு மாதத்துக்கு முன்பே எழுதியவை: பழுதான மின்தூக்கி, வரிசை, தேர்வு, வரிசை. அரிசி மூட்டையின் மேல் ஒரு கையை ஊன்றி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனத்துக்குள் எண்ணி, இடம் வந்ததும் கத்தினேன். கத்தி முடித்ததும் தண்ணீர் குடித்தேன்.

ஆறாம் நாள் மாலை அம்மா என்னை அழைத்தார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"மேல என்ன இடிக்கிறாங்க? நாலு நாளா மத்தியானத்துல டொம் டொம்னு. தலைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு."

நான் அவருடைய தலையணையை எடுத்துச் சரிசெய்து வைத்தேன்.

"பொண்ணு கல்யாணத்துக்கு வீட்டச் சரி பண்றாங்கபோல. நல்லது நடக்கிற வீடு, பண்ணட்டும். அதுக்காக, கீழ இப்பதான் ஒரு உயிர் போயிருக்குன்னு தெரியாதா? சோத்தையும் குடுத்துட்டுத் தலையில சுத்தியலும் அடிப்பாங்களா? நீ போய்ச் சொல்லிட்டு வா."

அடுக்குமாடி வீட்டில் சத்தம் கேட்டால் அது மேல்வீட்டுச் சத்தம்தான் என்று எல்லாரும் எண்ணுவார்கள். சிமெண்டு வழியே பரவும் ஒலிக்குத் திசை கிடையாது. அம்மாவும் அந்தப் பிழையைத்தான் செய்தார். அதை அவ்விடத்திலேயே நான் திருத்தியிருக்கலாம். இன்னும் ஐந்து பாட்டுகள் மீதமிருந்தன. மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறிப் போனேன்.

மேல்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றார். வீட்டில் சுத்தியலும் இல்லை; தூசியும் இல்லை. அவர் கையில் ஈரத்துணி ஒன்று இருந்தது.

"ஆன்ட்டி, அம்மா சொல்லிட்டு வரச் சொன்னாங்க. மத்தியானத்துல கொஞ்சம் சத்தம் வராமப் பாத்துக்குங்க. அவங்களால தூங்க முடியல."

அவர் என் முகத்தையே சிறிதுநேரம் பார்த்தார். மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சரி புள்ள. நான் பாத்துக்கிறேன்னு சொல்லு. நீ சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன் ஆன்ட்டி."

கீழே வந்து, "சரின்னுட்டாங்க" என்றேன். மறுநாள் ஏழாம் பாட்டைப் பதிவு செய்தோம். சத்தம் நிற்கவில்லை. சொல்லியனுப்பியும் இடிக்கிறார்கள் என்று அம்மா எண்ணிக்கொண்டார். பதினோராம் நாள் கடைசிப் பாட்டு முடிந்தது. பன்னிரண்டாம் நாள் தோழன் தலையை மழித்துக்கொண்டு தேசிய சேவைக்குப் போனான்.

அம்மாவும் மேல்வீட்டு அம்மாளும் சண்டையிட்டதில்லை. அம்மா பேசுவதை நிறுத்தினார்; அவ்வளவே. மின்தூக்கிக் கதவு திறந்து உள்ளே அவர் இருந்தால், அம்மா பைக்குள் சாவியைத் தேடுவதுபோல் நின்று அடுத்ததில் ஏறுவார். திருமண அழைப்பிதழ் வாயில் கம்பியில் செருகியிருந்தது. அப்பா இறந்து ஓராண்டு ஆகாததால் அம்மா போகாததை ஊர் தவறாகக் கொள்ளவில்லை. மேல்வீட்டாருக்கு மட்டும் காரணம் விளங்கியிருக்கும். அடுத்த நோன்பில் கஞ்சி வரவில்லை. இடியாப்பம் வந்த தகர மூடி போட்ட டப்பா ஒன்று எங்களிடம் தங்கிவிட்டது. வெறுமையாகத் தர அம்மாவால் முடியவில்லை. நிரப்பித் தர மனமில்லை. அது சமையலறையின் மேல்தட்டிலேயே இருந்தது. ஐந்தாண்டுக்கு முன் அவர்கள் வீட்டை விற்று, மகளோடு வசிக்கப் பாசிர் ரிஸுக்குப் போனார்கள். அன்று அம்மா சன்னல் வழியே சாமான் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பியிடம் கேட்ட இரண்டு வாரத்தில் முதல் வாரம் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா தேக்காவிலிருந்து தனியாகத் திரும்பி, புதினாவை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன். காப்பறை, பெட்டி, பாட்டு, படியேறிப் போனது.

அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை.

"அப்ப அவங்க வீட்ல ஒண்ணுமே இடிக்கல."

"இல்லம்மா."

"தெரிஞ்சேதான் போய்ச் சொன்ன."

"ஆமா."

"அப்பா பெட்டியையா அடிச்சீங்க?"

"ஆமா."

ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டை எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:

"அவங்க ஃபோன் நம்பர் மாறிருக்குமா?"

எண் மாறவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை, அம்மா மேல்தட்டிலிருந்த டப்பாவை இறக்கிக் கழுவி, ரவா உருண்டை பிடித்து நிரப்பினார். பாசிர் ரிஸ் போகும் ரயிலில் அதை மடியில் வைத்திருந்தார். வழி முழுவதும் என்னோடு பேசியது ஒரே வாக்கியம்.

"நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

கதவைத் திறந்த மேல்வீட்டு அம்மாளுக்கு முட்டி வலி வந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க தங்கச்சி. வா புள்ள. என்ன வாசல்லயே நிக்கிறீங்க, நான் என்ன டிக்கெட்டா கேட்டேன்?"

அம்மா டப்பாவை நீட்டினார்.

"அக்கா, இதக் குடுக்க எட்டு வருஷம் ஆயிடுச்சு."

"அட, இது இன்னும் இருக்கா? மூடி சரியா நிக்காதே."

"இன்னும் நிக்கலதான். ரயில்ல நான்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

உட்கார்ந்ததும் அம்மா என்னைப் பார்த்தார். மறுபடியும் வரிசையாகச் சொன்னேன். சத்தம் போட்டது நாங்கள்தாம். தெரிந்தேதான் உங்கள் மேல் பழி போட்டேன். என்னை மன்னியுங்கள், ஆன்ட்டி.

அவர் வியப்படையவில்லை.

"இது அப்பவே எனக்குத் தெரியும்லா."

அம்மா நிமிர்ந்தார்.

"எங்க ஷெல்ட்டருக்கு நேர் கீழதானே உங்க ஷெல்ட்டர். நான் அரிசி எடுக்க உள்ள போறேன், கீழேர்ந்து டொம் டொம்னு கேக்குது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா ஒரு பொண்ணு கத்துற சத்தம். யா அல்லான்னு உக்காந்துட்டேன். அம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு, இந்தப் புள்ள கதவ அடச்சுக்கிட்டு செவத்துல முட்டி முட்டி அழுவுதுன்னு நெனச்சேன்."

இசை என் காதுக்குள் மட்டும் இருந்தது. மேல்வீட்டுக்குப் போனது இசையில்லாத என் கத்தல். காப்பறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஒரே தூண் என்பதைப் பதிவு செய்த நாங்கள் மூவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"அப்புறம் இவ வந்து நிக்கிறா, சத்தம் போடாதீங்க ஆன்ட்டின்னு. மூஞ்சியில ஒண்ணுமே இல்ல, தொடச்சு விட்ட மாதிரி. புள்ள மறைக்குது, நாம ஏன் காட்டிக் குடுக்கணும்னு சரின்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே அக்கா," என்றார் அம்மா.

"நீங்க எங்க நின்னீங்க? என்னப் பாத்தாலே சாவியத் தேடுவீங்க. அந்தப் பையில எத்தன சாவிதான் வச்சிருந்தீங்க?"

அம்மா சிரிக்க முயன்றார், முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மறுநாளும் அதே சத்தம்," என்று அம்மாள் தொடர்ந்தார். "மனசு கேக்கல. அம்மிக் கொழவிய எடுத்து ஷெல்ட்டர் தரையில மூணு தட்டு தட்டினேன். மேல ஆள் இருக்கேன்னு அதுக்குத் தெரியட்டுமேன்னு. உடனே சத்தம் நின்னுச்சு. கேட்டிருச்சுபோலன்னு நெனச்சேன்."

ஹெட்ஃபோன் காதை அடைத்திருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அந்த இடத்தில் ஏழாம் பாட்டே நின்றிருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினார். எட்டாண்டுகளாக அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

"உள்ள போய் அழுதியாடி?"

ஆம் என்று சொன்னால் அந்த அறையில் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவின் கை என் கையை நோக்கிப் பாதி வந்திருந்தது. ஏற்கெனவே ஒருமுறை மேல்வீட்டு வாசலில் நின்று வசதியானதைச் சொல்லியிருக்கிறேன்.

"இல்லம்மா. பாட்டுதான். எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"என்னத்த?"

"தாளத்த."

அம்மாவின் கை சிறிதுநேரம் அங்கேயே நின்றது. பிறகு என் கையின் மேல் வந்து விழுந்தது. அது கனமாக இருந்தது. வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

"பாட்டா?" என்றார் அம்மாள். "அந்தக் கத்தலா? அதையா ஊரெல்லாம் கேக்குது?"

"ஆமா ஆன்ட்டி."

"போடு, கேப்போம்."

கைப்பேசியில் ஏழாம் பாட்டை ஒலிக்கவிட்டேன். இருவரும் தலையைக் குனிந்து, மருத்துவர் சொல்வதைக் கேட்பதுபோல் கேட்டார்கள். அப்பாவின் பெட்டி முழங்கியது. நான் கத்தினேன். பாட்டு நின்றது. மூன்று தட்டல்கள் கேட்டன.

"நான்தான்! தங்கச்சி, அது என் கொழவி!" அம்மாள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னொரு தரம் போடு."

இன்னொரு தரம் போட்டேன். அம்மாவும் இம்முறை சிரித்தார். பிறகு இருவரும் முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசத் தொடங்கினார்கள். நான் எழுந்துபோய், சன்னலருகே நின்று ஒலிப்பொறியாளருக்கு எழுதினேன்: "அந்த ஒலியை நீக்க வேண்டாம்." தம்பிக்குக் குறிப்பைத் திருத்தி அனுப்பினேன்: "இப்பாட்டுகள் ஒரு துக்க வீட்டின் காப்பறையில் பதிவு செய்யப்பட்டவை. ஏழாம் பாட்டில் அம்மிக் குழவி வாசித்தவர் மேல்வீட்டுக்காரர்."

"அழுததத் தூக்கிட்டியா?" என்று அவன் உடனே கேட்டு எழுதினான். "அதான்லா மெயின்."

தூக்கிவிட்டேன் என்று பதில் எழுதினேன்.

திரும்பும் ரயிலில் அம்மாவின் மடியில் அதே டப்பா இருந்தது. மேல்வீட்டு அம்மாள் அதை வெறுமையாகத் தரவில்லை. உருண்டைகளை ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு, வட்டலப்பம் என்னும் தேங்காய்ப்பால் இனிப்பை வைத்து மூடிக் கொடுத்திருந்தார். மூடி நழுவாமல் அம்மா இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இத எப்பத் திருப்பிக் குடுக்கலாம்?" என்று என்னைக் கேட்டார்.

"அடுத்த மாசம் போவோம்மா," என்றேன்.